காவல் நாயைப் பழக்கும் முறை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த கீழ்பென்னாத்தூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், நிலமுள்ள குடியானவர் வீடுகளில் நாய் இல்லாத வீடு அரிது. வேர்க்கடலையைப் பறித்துக் களத்தில் உலர்த்தும் நாட்களில் இராக்காவலுக்கும், கிணற்றடியிலுள்ள மோட்டார், கம்பி முதலியவற்றைத் திருடர் கொண்டுபோகாமல் காப்பதற்கும், ஆட்டுப்பட்டிக்கும், காட்டுப்பன்றி வயலில் இறங்கினால் வீட்டாரை எழுப்புவதற்கும் நாய் உதவுகிறது. எனினும், உழவு மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் தீனி, தண்ணீர், கொட்டகை என்று நாள்தோறும் கவனம் செலுத்தும் குடியானவர்கள், நாயின் பழக்கவழக்கங்களைப் பற்றிச் சிந்திப்பது பெரும்பாலும் அது யாரையேனும் கடித்த பிறகுதான். அப்பொழுது சிந்திப்பதால் விளையும் பயன் சொற்பம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்குவது அவசியம். கண்டவரையெல்லாம் கடிக்கப் பாயும் நாயே நல்ல காவல் நாய் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அத்தகைய நாய் தபால்காரரையும், மின்வாரிய ஊழியரையும், பால் எடுக்க வருபவரையும், பக்கத்து வீட்டுக் குழந்தையையும் திருடனையும் ஒன்றாகவே பாவிக்கிறது. நல்ல காவல் நாயின் இலட்சணம் வேறு. அயலார் வந்தால் குரைத்து அறிவிக்கும். வீட்டார் வந்து போதும் என்று சொன்னதும் நிறுத்தும். வீட்டார் ஏற்றுக்கொண்ட மனிதரைத் தானும் ஏற்றுக்கொள்ளும். குரைப்பதற்குத்தான் நாய் வேண்டும், கடிப்பதற்கன்று. களத்தில் குரைப்புச் சத்தம் எழுந்தவுடனே திருடன் நகர்ந்துவிடுகிறான். காட்டுப்பன்றியும் பெரும்பாலும் அவ்வாறே.

கெட்ட நாய் உண்டாகும் விதம்

நாய் பிறவியிலேயே பொல்லாதது என்று சொல்வது எளிது. ஆனால் பெரும்பாலான பொல்லாத நாய்கள் வீட்டாரால் ஆக்கப்பட்டவையே. அது நடைபெறும் விதத்தைக் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும்.

பிறந்து ஒரு மாதமே ஆன குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, கோணிப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் பிள்ளைகள் அதனைக் கீழே விடுவதில்லை. அது விரலைக் கடித்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கையை நீட்டி மேலும் கடிக்கவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் பற்கள் கூர்மையாகி வேட்டியைக் கிழித்ததும், அதே செய்கைக்கு அடி விழுகிறது. ஐந்தாம் மாதம் கோழியைத் துரத்திற்று என்று சங்கிலியால் வேப்பமரத்தடியில் கட்டப்படுகிறது. அதன்பின் அதற்குத் தெரிந்த உலகம் நான்கு முழச் சங்கிலியின் வட்டமே. தெருவில் போகும் பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். அதனால் ஓடித் தப்ப முடியாது. ஆகையால் பாய்ந்து குரைக்கிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். பாய்ந்தால் பயம் நீங்குகிறது என்ற பாடத்தை நாய் கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் இப்பாடம் நடைபெறுகிறது. ஓராண்டு கழித்து ஒருநாள் சங்கிலி அறுகிறது. அன்று தெருவில் யார் முதலில் எதிர்ப்படுகிறாரோ அவருக்குக் கேடு.

இதில் நாய் செய்த பிழை எது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கடிப்பதைச் சிரித்துப் பழக்கியவர்களும், காரணம் விளங்காமல் அடித்தவர்களும், கட்டிப்போட்டு மறந்தவர்களும் அவ்வீட்டாரே.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

எட்டு வாரம் நிரம்புவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது. தாயுடனும் உடன்பிறந்த குட்டிகளுடனும் விளையாடும்பொழுதே எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. பலமாகக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். இந்தப் பாடத்தை மனிதர் பிற்காலத்தில் கற்பிப்பது மிகவும் கடினம்.

அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்னும் இரு ஆராய்ச்சியாளர் பல்லாண்டு நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965-ம் வருஷத்தில் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். அவர்கள் கண்டவற்றுள் குடியானவருக்கு மிகவும் பயன்படுவது யாதெனில், மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலத்திலேயே குட்டி எதனை அச்சமின்றி ஏற்பது, எதனைக் கண்டு அஞ்சுவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துக்கொள்கிறது என்பதே. அக்காலத்தில் மனிதரையே காணாத குட்டி பிற்காலத்தில் மனிதரோடு எளிதில் பழகாது. அக்காலத்தில் ஆடு, கோழி, மாடு, சிறு பிள்ளைகள், தடியூன்றி நடக்கும் முதியவர், தலைக்கவசம் அணிந்து வருபவர், டிராக்டரின் ஓசை, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றைக் கண்டும் கேட்டும் வளர்ந்த குட்டி அவற்றை உலகத்தின் இயல்பாகக் கொள்ளும். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் விடுவது அபாயமாகையால், கையில் தூக்கிக்கொண்டோ கூடையில் வைத்தோ களத்துக்கும் தெருமுனைக்கும் கொண்டுபோய்க் காட்டலாம். நாளுக்குக் கால் மணி நேரம் போதும். பிற்காலத்தில் ஓராண்டு பாடுபட்டாலும் கிடைக்காத பலன் இந்தக் கால் மணி நேரங்களால் கிடைக்கும்.

ஜாதியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பவை தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாய்கள். இவற்றுள் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும், கர்நாடகத்தின் முதோல் நாயோடு சேர்த்து, 2020-ம் வருஷத்தில் மத்திய அரசின் கால்நடை மரபுவளப் பதிவேட்டில் தனி இனங்களாகச் சேர்க்கப்பட்டன. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடும் பிராணியைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. ஆடும் கோழியும் நிறைந்த வீட்டில் அவற்றைச் சிறு வயதிலேயே பழக்காவிடில் தொல்லை உண்டு. வெண்ணிற இராஜபாளையக் குட்டிகளில் சில பிறவிச் செவிடாய் இருக்கும். குட்டியின் பின்புறம் நின்று கைதட்டி, அது திரும்புகிறதா என்று சோதித்து வாங்குவது நலம். செவிட்டுக் குட்டியை வாங்கிவிட்டு, சொன்ன சொல் கேட்பதில்லை என்று அதனை அடிக்கும் வீடுகளும் உண்டு. அத்தகைய குட்டியையும் கைச்சாடையால் நன்கு பழக்கலாம். அடர்ந்த உரோமமுள்ள குளிர்நாட்டு நாய்களைத் திருவண்ணாமலைப் பக்கத்துச் சித்திரை வைகாசி வெயிலில் வாங்கிக் கட்டுவது அவற்றுக்கு வதையாக முடியும். சாதாரண வேலைக்கு ஊரில் பிறந்த நாட்டு நாயே போதுமானது. அது வெயிலைத் தாங்கும்; கேழ்வரகுக் களியில் மோர் கலந்து கொடுத்தாலும் தின்னும்.

சொல்லும் அதன் பலனும்

நாய்க்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஓர் ஓசைக்குப் பின் என்ன நிகழ்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ருஷிய விஞ்ஞானி பாவ்லாவ், உணவுக்கு முன் ஓர் ஓசையைத் தவறாமல் கேட்கச் செய்து, பின்னர் அவ்வோசை கேட்ட மாத்திரத்திலேயே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதைக் காட்டினார். குடியானவர் வீட்டு நாயும் சட்டி உருளும் ஓசை கேட்டதும் அடுப்பங்கரைக்கு ஓடிவருவது இவ்விதியினாலேயே. பழக்கும் கலை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

ஆகையால் ஒரு செயலுக்கு ஒரே சொல் இருத்தல் வேண்டும். அதனை வீட்டார் எல்லோரும் அவ்வாறே சொல்லவேண்டும். பாட்டி “ஒக்காரு” என்றும், பேரன் “சிட்” என்றும், தகப்பனார் “ஏய், சும்மா இரு” என்றும் சொல்லும் வீட்டில் நாய் எதனைக் கற்கும்? வா, உட்கார், இரு, விடு, போதும் என்னும் ஐந்து சொற்கள் ஒரு காவல் நாய்க்குத் தேவையான கல்வி முழுவதும் ஆகும். இவற்றை வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்துகொண்டு, பிறகு தொடங்குதல் நன்று.

இரண்டாவது, பலன் உடனே கிடைக்கவேண்டும். குட்டி உட்கார்ந்த அந்தக் கணத்திலேயே, இரண்டு வினாடிக்குள், ஒரு சிறு துண்டு அவித்த முட்டையோ கருவாடோ கொடுத்துத் தட்டிக்கொடுத்தால், உட்கார்ந்ததற்காகக் கிடைத்தது என்று அது அறியும். அடுப்படிக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தால், அதற்குள் எழுந்து வாலாட்டிய செயலுக்குக் கிடைத்ததாகவே அது கொள்ளும். இதே காரணத்தால் தண்டனையும் பயனற்றுப் போகிறது. காலையில் கோழிக்குஞ்சைக் கொன்ற நாயை மாலையில் வீட்டுக்கு வந்த எசமானர் இழுத்துப் போட்டு அடிக்கிறார். நாய் கற்பது, எசமானர் மாலையில் வரும்பொழுது ஒளிந்துகொள்ளவேண்டும் என்பதையே. தலைகுனிந்து காதைத் தாழ்த்தி நிற்பதைப் பார்த்து, அது தன் குற்றத்தை உணர்ந்துவிட்டது என்று பலர் திருப்தியடைகின்றனர். அது அச்சமேயன்றி வேறன்று.

உட்காரப் பழக்குவது எளிது. தீனித் துண்டை மூக்கின் எதிரே காட்டி, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கிக் கொண்டுபோனால், குட்டி அண்ணாந்து பார்க்கும். பின்பாகம் தானே தரையில் படியும். அப்பொழுது உட்கார் என்று சொல்லித் துண்டைக் கொடுக்கவேண்டும். ஒரு வேளைக்கு ஐந்தாறு தடவைக்கு மேல் வேண்டாம். பசியுள்ள நேரமே ஏற்றது. நான்கைந்து நாளில் கைக்குப் பதில் சொல்லே போதுமானதாகும். பிறகு மூன்று தடவைக்கு ஒருமுறை தீனி, மற்றத் தடவைகளில் தட்டிக்கொடுத்தல் என்று குறைத்துக்கொள்ளலாம்.

‘வா’ என்னும் சொல்லை மிகவும் ஜாக்கிரதையாகப் பேணவேண்டும். அழைத்து அடிப்பது, அழைத்துச் சங்கிலி போடுவது, அழைத்து மருந்து புகட்டுவது ஆகிய மூன்றும் அச்சொல்லைக் கெடுத்துவிடும். கெட்டுப்போன பிறகு, மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் நடுவே ஓடும் நாயை எவ்வளவு கூவினாலும் அது திரும்பாது. அடிக்கவேண்டும் என்ற கோபம் வந்தால் அழைக்காமலிருப்பதே புத்திசாலித்தனம். மருந்துக்கு எசமானர்தாம் நாயிடம் போகவேண்டும். நாயை அழைத்தல் கூடாது.

விளையாட்டாகக் கடிக்கும் குட்டியை அடிக்கவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். பல் பட்டவுடன் ‘ஆ’ என்று ஒரு சத்தம் செய்து, கையை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விடவேண்டும். அரை நிமிஷம் கழித்து வரலாம். குட்டிக்கு விளையாட்டைவிடப் பெரிய கூலி இல்லையாகையால், விளையாட்டு நின்றுபோவதே அதற்குப் போதுமான தண்டனை. கடிப்பதற்கென்று பழைய கயிற்றுத் துண்டோ தேங்காய் மட்டையோ கொடுத்துவிட்டால் பல் தினவும் தீரும்.

சாந்தமான பேச்சினால் நாய் எவ்வளவு தூரம் கற்கும் என்பதற்குத் திருவண்ணாமலையிலேயே ஒரு சான்று உண்டு. ரமண மகரிஷி 1916-ம் வருஷம் முதல் 1922-ம் வருஷம் வரை மலைமீது கந்தாச்சிரமத்தில் வசித்த காலத்தில், கமலா என்ற பெண்நாய் அங்கே வளர்ந்தது. புதிதாக வந்தவரை மலைப்பக்கம் அழைத்துப் போய்க் காட்டும்படி சொன்னால், அது அவரை அழைத்துக்கொண்டு கோயில்களையும் தீர்த்தங்களையும் காட்டித் திரும்பும் என்று அவரைப் பற்றிய நூல்களில் எழுதப்பட்டுள்ளது. ஜாக்கி என்ற நாயின் சமாதியை ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் இன்றும் காணலாம். இதனை அற்புதம் என்று கொள்வோர் கொள்ளட்டும். பழக்குகிறவர் பார்வையில், அங்கே நாய்களை யாரும் அடிப்பதில்லை, ஏசுவதில்லை, நாள்தோறும் ஒரே வழியில் ஒரே ஒழுங்கில் மனிதரோடு நடந்தன என்பவை கவனிக்கத்தக்கவை.

குரைத்தலும் சங்கிலியும்

காவல் நாயின் குரைப்பை அடியோடு நிறுத்துவது மடமை. நிறுத்தச் சொன்னபொழுது நிறுத்தும்படி செய்வதே தேவை. அயலார் வந்து நாய் நான்கைந்து முறை குரைத்ததும் வீட்டார் வெளியே வந்து, யார் என்று பார்த்துவிட்டு, அமைதியான குரலில் போதும் என்று சொல்லித் தீனியைக் காட்டவேண்டும். தீனியை முகர்ந்துகொண்டே குரைக்க நாயால் இயலாது. அது வாய் மூடிய கணத்தில் கொடுக்கவேண்டும். திண்ணையிலிருந்தபடியே எசமானரும் “சீ, சும்மா இரு” என்று உரக்கக் கத்தினால், தம்மோடு சேர்ந்து அவரும் குரைக்கிறார் என்றே நாய் நினைக்கும்.

நாளெல்லாம் கட்டிக்கிடக்கும் நாயே மிகுதியாகக் குரைப்பதும் கடிப்பதும் அனுபவத்தில் கண்டது. பகலில் கட்டியே ஆகவேண்டுமாயின், இரு மரங்களுக்கு நடுவே நீண்ட கம்பி கட்டி, அதில் வளையம் கோத்துச் சங்கிலியை மாட்டினால், நாய் இங்குமங்கும் நடமாட இடம் கிடைக்கும். நிழலும் தண்ணீரும் அவ்வட்டத்துக்குள் இருக்கவேண்டும். காலையிலும் மாலையிலும் அரை மணி நேரமாவது வரப்பில் கயிற்றோடு அழைத்துப் போகவேண்டும். இது கருணையின்பாற்பட்ட யோசனை மட்டுமன்று. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, நாயை மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியால் நெடுநேரம் கட்டிவைப்பதையும், கட்டியே வளர்க்கும் நாய்க்குத் தக்க நடமாட்டம் அளிக்காமலிருப்பதையும் குற்றமாகக் கூறுகிறது.

நாய்க்கு மிளகாய் கலந்த சோறு, சாராயம் முதலியவற்றைக் கொடுத்தால் உக்கிரம் வரும் என்பதும், பட்டினி போட்டால் விழித்துக் காக்கும் என்பதும், காதை அறுத்தால் வீரம் பெருகும் என்பதும் கிராமங்களில் வழங்கும் நம்பிக்கைகள். இவற்றுள் ஒன்றிலும் உண்மை இல்லை. மிளகாயால் வயிற்றுப் புண்ணும், பட்டினியால் அண்டை வீட்டுச் சட்டியைத் திருடும் பழக்கமும், காதறுப்பால் சீழும் வருவதே மிச்சம்.

ஆடு, கோழி, வாகனம்

ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம். துரத்தியதும் அது ஓடுவதே நாய்க்குக் கிடைக்கும் கூலி. ஆகையால் ஒருமுறைகூடத் துரத்தி ருசி காணாதபடி முதலிலேயே தடுப்பதுதான் வழி. குட்டியை நீண்ட கயிற்றில் பிடித்துக்கொண்டு கோழிகள் மேயும் இடத்தில் உட்காரவேண்டும். கோழியைப் பார்த்துவிட்டு எசமானரைத் திரும்பிப் பார்க்கும்பொழுதெல்லாம் தீனி கொடுக்கவேண்டும். இருபது நாள் இவ்வாறு செய்தால், கோழியைக் கண்டதும் எசமானரைப் பார்ப்பதே வழக்கமாகிவிடும். கொன்ற கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் பழைய வைத்தியம் அருவருப்பைத் தவிர வேறொன்றையும் தராது.

ஆட்டுப்பட்டிக் காவலுக்கு வேண்டிய நாயை வேறு வகையில் வளர்க்கவேண்டும். ஐரோப்பாவிலும் ஆசியாவின் மேய்ச்சல் நிலங்களிலும் இடையர்கள் தொன்றுதொட்டுச் செய்துவருவதும், அமெரிக்காவில் காப்பிங்கர் என்பவர் 1970-களில் தொடங்கிச் சோதித்து உறுதிப்படுத்தியதும் இதுவே: எட்டு வார வயதிலிருந்தே குட்டியைப் பட்டியிலேயே சாந்தமான ஆடுகளோடு உறங்கவிடுவது. அவ்வாறு வளர்ந்த நாய் மந்தையையே தன் குடும்பமாகக் கொண்டு, அதனைவிட்டு அகலாது. வீட்டுப் பிள்ளைகளோடு ஆறு மாதம் வளர்த்துவிட்டுப் பிறகு பட்டிக்கு அனுப்பப்பட்ட நாய் வீட்டுக்கே ஓடிவரும்.

மோட்டார் சைக்கிளைத் துரத்தும் நாய் மிகப் பெரிய அபாயம். செஞ்சிச் சாலை போன்ற போக்குவரத்து மிகுந்த இடங்களில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தால், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்மணியோ பிள்ளையோ தலையில் அடிபட்டு உயிரிழக்க நேரிடும். இப்பழக்கம் பிடித்துவிட்ட நாயைச் சாலையோரத்தில் அவிழ்த்துவிடாமல் வேலிக்குள் வைத்திருப்பதைத் தவிர உடனடிப் பரிகாரம் இல்லை. பழக்குவதெல்லாம் அதற்குப் பிறகே.

காட்டுப்பன்றியையும் மயிலையும் வயலைவிட்டு விரட்ட நாயை ஏவுவோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையாடுதல் என்பதில், பிடிப்பதற்காகவோ கொல்வதற்காகவோ விலங்கைத் துரத்துவதும் அடங்கும். மயில் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. முயல் வேட்டைக்கு நாயைக் கூட்டிப்போவது வழக்கமாய் இருந்த ஊர்களிலும் அது இப்பொழுது குற்றமே. நாய் வேலிக்குள் நின்று குரைக்கட்டும். இரவில் பன்றியைத் துரத்தி ஓடும் நாய் சுவரில்லாத தரைக்கிணற்றில் விழுவதும், பன்றியின் கோரைப்பல்லால் வயிறு கிழிபடுவதும் உண்டு.

குழந்தைகள்

நாய்க்கடியால் மிகுதியாகத் துன்புறுவோர் சிறு பிள்ளைகள். அவர்கள் உயரம் குறைவாகையால் கடி முகத்திலும் கழுத்திலும் படுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையும் நாயையும், அந்நாய் எவ்வளவு சாதுவாயினும், பெரியவர் இல்லாமல் தனியே விடுதல் கூடாது. தின்னும் நாய், உறங்கும் நாய், குட்டிக்குப் பால் கொடுக்கும் நாய் ஆகியவற்றின் அருகே போகாதிருக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும். அயல் நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல் மரம்போல் நின்று, கண்ணை நோக்காமல், கையைத் தொங்கவிட்டுக்கொள்ளவேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள்ளவேண்டும்.

நாய் கடிப்பதற்கு முன் அறிவிப்புச் செய்யாமல் இருப்பதில்லை. உடம்பு விறைத்தல், வாய் மூடி அசையாமல் நிற்றல், கண்ணின் வெண்மை தெரியப் பார்த்தல், உதட்டைத் தூக்குதல், உறுமுதல் என்று அது படிப்படியாகச் சொல்கிறது. உறுமியதற்காக நாயை அடிப்பவர் அந்த அறிவிப்பைத்தான் அடித்து ஒழிக்கிறார். அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கும். சோற்றுச் சட்டியை யாரும் நெருங்கவிடாத நாயினிடத்தில், சட்டியைப் பிடுங்கி அதிகாரத்தைக் காட்டுவது வீண். அருகில் போகும்பொழுதெல்லாம் சட்டியில் இன்னுமொரு நல்ல துண்டைப் போட்டுவிட்டு வந்தால், மனிதர் வருவது நஷ்டமன்று, லாபம் என்று அது தெரிந்துகொள்ளும்.

தீபாவளிக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் வெடிக்கும் பட்டாசினால் நாய்கள் மிரண்டு ஊரைவிட்டே ஓடிப்போவது உண்டு. அன்று மாலைக்கு முன்னரே நாயை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, ஓரமாய் ஒரு கோணியும் தண்ணீரும் வைத்தால் போதும். அச்சங்கொண்ட நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சம் பெருகும் என்பது சரியன்று; தாராளமாகத் தடவிக்கொடுக்கலாம்.

தீனியைப் பற்றி ஒரு வார்த்தை

வேர்க்கடலை விளையும் இப்பகுதிக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பூஞ்சணம் பிடித்த கடலையையும் பிண்ணாக்கையும், மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கி நாயின் களியில் போடுவது சிலர் வழக்கம். அப்பூஞ்சணத்தில் உண்டாகும் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. 1960-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கு மேல் மடிந்தபொழுதே இந்நஞ்சு கண்டறியப்பட்டது. நாய் இதனைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்த பிராணிகளுள் ஒன்று. மாட்டுக்கு ஆகாதது நாய்க்கு அதைவிட ஆகாது. ஆடு அறுத்த இடத்துப் பச்சைக் குடல், ஈரல், தலை முதலியவற்றையும் நாய்க்குப் போடலாகாது. அவற்றிலிருந்து நாடாப்புழு நாயின் குடலில் வளர்ந்து, அதன் முட்டைகள் மேய்ச்சல் நிலத்தில் பரவி, ஆடுகளுக்கு மூளையில் கட்டி உண்டாகிச் சுற்றிச்சுற்றி வந்து விழும் வியாதியும், மனிதருக்கு ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியும் வரக்கூடும்.

வெறிநோய்

எவ்வளவு நன்றாகப் பழக்கினும், தடுப்பூசி போடாத நாய் வீட்டுக்கு அபாயமே. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்களின் மூலமாகவே வருகிறது. நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் கடிபட்டவுடன் செய்யவேண்டியதைச் செய்தால் வராமல் தடுப்பது நிச்சயம். இவ்வளவு கொடிய நோய் இவ்வளவு எளிதில் தடுக்கத்தக்கதாய் இருப்பது வேறெங்கும் காண்பதரிது. அப்படியிருந்தும் உயிர்கள் போவது, பெரும்பாலும் சில மணி நேர அசட்டையினாலேயே.

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசியும், கால்நடை மருத்துவர் குறிக்கும் நாளில் இரண்டாவதும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் போடவேண்டும். இதனைத் தவிர, ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் மற்றத் தடுப்பூசிகளும், குடற்புழு மருந்தும் உண்டு. குட்டிகள் இரத்தமாய்க் கழிந்து இறப்பது பெரும்பாலும் அத்தடுப்பூசி போடாததாலேயே.

நாய் கடித்தாலும், பல் பதியாமல் கீறினாலும், புண்ணில் நக்கினாலும், முதலில் செய்யவேண்டியது ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவவேண்டும். இரண்டு நிமிஷம் கழுவிவிட்டுப் பதினைந்து என்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு. சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள், எண்ணெய், பச்சிலை எதுவும் வைத்தல் ஆகாது, கட்டும் கட்டக்கூடாது. மந்திரிப்பதற்காகக் காத்திருக்கவும் கூடாது. உடனே அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், தடுப்பூசியோடு புண்ணைச் சுற்றிப் போடும் எதிர்ப்புரத மருந்தும் தேவைப்படும். அதனையும் கேட்டுப் பெறவேண்டும். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாட்களில் ஓர் ஊசியையும் தவறவிடலாகாது. முதலிரண்டு ஊசிகளோடு நிறுத்திவிட்டு அறுவடைக்குப் போனவர்களுக்குப் பாதுகாப்புக் குறைவு.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் முதியவர்களிடம் இன்னும் உண்டு. அது ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. குன்னூரில் 1907-ம் வருஷத்தில் தொடங்கிய பாஸ்டர் நிலையம் முதலிய இடங்களில் நெடுங்காலம் தயாரிக்கப்பட்டது. அவ்வகை மருந்து இந்தியாவில் 2004-ம் வருஷத்தோடு நின்றுவிட்டது. இக்காலத்து ஊசி மேற்கையில் போடப்படுகிறது. நான்கு ஐந்து முறைகளே.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடுவது சரியன்று. அது வீட்டு நாயாயின் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்கவேண்டும். நோயுள்ள நாய் அதற்குள் இறந்துவிடும். பத்து நாளும் ஆரோக்கியமாய் இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் நோய்க் கிருமி இல்லை என்று கொள்ளலாம். ஆயினும் அப்பத்து நாளைக்காகக் கடிபட்டவரின் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் கூடாது. இரண்டும் கூடவே நடக்கவேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு

முன்சீபும் கர்ணமும் இருந்த காலத்தில் வெறிநாய் வந்தால் தண்டோரா போட்டு ஊருக்கு அறிவிப்பது வழக்கம். 1980-ம் வருஷத்தில் அப்பதவிகள் நீங்கி, கிராம நிர்வாக அலுவலர் வந்த பின்னும் அறிவிப்பின் தேவை குறையவில்லை. ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் அவ்வூரில் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் காட்டும் கணக்கு. இதனைத் தனித்தனியே செய்வதைவிட, கால்நடை மருந்தகத்தோடு பேசி ஒரே நாளில் ஊர் நாய்கள் அனைத்துக்கும் ஏற்பாடு செய்வது சிக்கனம். செப்டம்பர் 28-ந் தேதி உலக வெறிநோய் தினமாகையால், அதனையொட்டி நடத்துவது பல ஊர்களில் வழக்கமாகியுள்ளது.

உடையவரில்லாத தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பு, 2023-ம் வருஷத்து விதிகளின்படி, கீழ்பென்னாத்தூர்ப் பேரூராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளுடையது. ஆனால் தெருநாய்களில் ஒரு பகுதி, வீட்டு நாய் ஈன்ற வேண்டாத குட்டிகளை இரவில் சந்தைமேட்டிலும் ஏரிக்கரையிலும் கொண்டுபோய் விட்டதால் உண்டானவை. பெண்நாய் வேண்டாம் என்று தூக்கி எறிவதைவிட, ஆறு மாதத்துக்கு மேல் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துகொண்டு அதையே காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். காவலில் பெண்நாய் சளைத்ததன்று. ஊர் சுற்றப் போவதும் குறைவு.

வளர்ப்பு நாய் பிறரைக் கடித்து வழக்கு எழுந்தால், 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து அமலில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதையின் 291-வது பிரிவு பொருந்தும். தம் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கோ உடலுக்கோ கேடு வராதபடி தக்க ஏற்பாடு செய்யத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விசாரணையில் முதலில் கேட்கப்படுவது தடுப்பூசிச் சீட்டாகையால், அதனைப் பட்டா, சிட்டாவோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.